பாயிண்ட் ஏழு

இல்லண்ணே, நான் எதையும் விக்க வரலை. இந்தப் பெட்டியைப் பார்த்தா அப்படித்தான் தோணும், எல்லா வீட்லயும் அதான் கேட்டாங்க. இது ஐஸ் பெட்டி. உள்ள சிரிஞ்சும் டியூபும்தான் இருக்கு. ஒரே ஒரு டியூப் ரத்தம், அஞ்சு நிமிஷ வேலை. நீங்க மெஷினை விட்டு எந்திரிக்கக்கூட வேணாம், இடது கையை மட்டும் இப்படி நீட்டினா போதும். சரி சரி, அந்த ஜிப்பை வச்சு முடிச்சுக்கங்க. நான் உக்காந்துக்கறேன். இந்தத் துணியெல்லாம் நகத்தலாமா? அப்பாடா. மூணு மாடிண்ணே. முன்னாடியெல்லாம் உங்க கடைக்கு ஒரே மூச்சுல ஏறி வந்துருவேன்.

ஆமா, நானேதான். லேப்ல ரத்தம் எடுக்கிறவ. மூஞ்சி மறந்தாலும் கோட்டு மறக்குமா? நீங்க தைச்சது. பாக்கெட் ரெண்டு பக்கமும் ஆழமா வேணும்னு நான் வந்து உயிரை எடுத்தேனே. நீங்ககூட கேட்டீங்க, கோட்டு கேக்குறியா பை கேக்குறியான்னு.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. வேணாம், டீ எல்லாம் வேணாம்.

ரெண்டு தடவை வந்தேண்ணே, பூட்டி இருந்துச்சு. யூனிபார்ம் டெலிவரியா? அதான் நினைச்சேன். நல்லதாத்தான் நினைச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன்.  பக்கத்துக் கடையில கேட்டேன், டைலர் நல்லா இருக்காரா, எங்கயாவது சேத்திருக்காங்களான்னு. அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. இன்னைக்குப் படி ஏறும்போது உங்க மெஷின் சத்தம் கேட்டுச்சு பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

சொல்றேன், சொல்றேன். அதுக்குத்தானே வந்திருக்கேன்.

அதோ, அந்தச் செவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கீங்களே, அந்தப் பேப்பர். சாமி படம் மாதிரி மாட்டியிருக்கீங்க. சிஆர்பி, ஒன் பாயிண்ட் ஒன். கீழ கையெழுத்து என்னோடது. அந்த நம்பரை நம்பாதீங்கண்ணே. அது தப்பா இருக்கலாம். இருக்கலாம் என்ன, தப்புதான்.

கோவப்படுங்க, பரவால்ல. ஆனா கையை மட்டும் குடுங்க.

அதை டாக்டர் உங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாருன்னு தெரியாது. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். கொழுப்பு டெஸ்ட் வேற, இது வேற. உடம்புக்குள்ள எங்கயாவது புண்ணு, வீக்கம், புகைச்சல் இருந்தா ரத்தத்துல ஒரு சரக்கு ஏறும். காய்ச்சல் வந்தாலும் ஏறும், சொத்தைப் பல்லு இருந்தாலும் ஏறும். ஆனா காய்ச்சலும் இல்ல பல்லும் இல்ல, அப்பவும் லேசா ஏறியே இருக்குன்னா, ரத்தக் குழாயோட உள்பக்கம் புகைஞ்சுக்கிட்டு இருக்கலாம்னு அர்த்தம். ஒரு தடவை அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அந்த நம்பர் ரொம்ப முக்கியம். ரெண்டுக்குக் கீழ இருந்தா டாக்டர் கொஞ்சம் நிம்மதியா இருப்பாரு. மேல இருந்தா அடுத்தது வர்ற வாய்ப்பு கூட. உங்க டாக்டர் என்ன சொல்லியிருந்தாரு? ரெண்டைத் தாண்டினா இன்னொரு மாத்திரை சேக்கணும்னு. சொன்னாரா இல்லையா? அன்னைக்கு லேப்ல நீங்கதான் என்கிட்ட சொன்னீங்க, அம்மா, பார்த்துப் போடு, ரெண்டுக்குள்ள வரணும்னு. ஒன் பாயிண்ட் ஒன் வந்துச்சு. நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்.

மாத்திரை சேக்கலை இல்ல? ம். தெரியும்.

போன்ல இலவசப் பரிசோதனைன்னு சொன்னேனே, அது எங்க முதலாளி டாக்டர் சொல்லச் சொன்னது. மெஷினை சர்வீஸ் பண்ணினோம், வாடிக்கையாளருக்காக ஒரு தடவை சும்மா எடுத்துக் குடுக்குறோம், அப்படிச் சொல்லு, யாரையும் பயமுறுத்தாதேன்னாரு. நாப்பத்தியொரு பேர் லிஸ்ட்டு. நாப்பது வீடு ஏறி எறங்கிட்டேன். நாப்பது வீட்லயும் அதே பொய்தான். ஒரு வாரமா இதே வேலை. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சுட்டு, ரத்தத்தை எடுத்துக்கிட்டு வந்துருவேன்.

ஒரு வீட்லதாண்ணே முடியலை. அந்தப் பெரிய ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் ஓட்டுறவரு. பெல் அடிச்சா அவரு வரலை, அவரு சம்சாரம் வந்தாங்க. ரொம்ப நல்லதாப் போச்சும்மா, அவரால எங்கேயும் வர முடியாது, போன மாசம் ரெண்டாவது தடவை வந்துருச்சுன்னாங்க. உள்ள கட்டில்ல படுத்திருக்காரு. பேசினா மூச்சு வாங்குது. ரிப்போர்ட்டு நல்லாத்தானேம்மா இருந்துச்சு, பாயிண்ட் ஒம்பதுதானே இருந்துச்சுன்னு அவங்க என்னைக் கேக்குறாங்க.  ஊசியைக் குத்தினேன். ரத்தம் எடுத்தேன். வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இவ்வளவு தூரம் தேடி வந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்னாங்க. படியில எறங்கி, சைக்கிள் நிறுத்துற எடத்துல உக்காந்து அழுதேன். செருப்பால அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

அந்த ஒரு மாத்திரை போட்டிருந்தா வந்திருக்காதான்னா, யாருக்குத் தெரியும்? வந்தும் இருக்கலாம். எங்க டாக்டர் அதைத்தான் சொல்றாரு. வந்தும் இருக்கலாம்னு சொல்லிட்டு அவரு தூங்கிடுறாரு. என்னால முடியலை.

லேப் மெஷின் தப்பான்னு கேக்குறீங்க. மெஷின் தங்கம்ணே. அது மேல ஒரு குத்தமும் இல்ல.

எப்படிச் சொல்றது? உங்க டேப்பைக் குடுங்க. ஆமா, கழுத்துல கெடக்குற டேப்புதான். இப்ப இது சரியான அளவு காட்டுதான்னு தினமும் நீங்க சோதிக்கணும்னு வச்சுக்கங்க. அதுக்கு ஒரு இரும்புக் கம்பி வேணும், எப்பவும் நீளம் மாறாத ஒன்னு. எங்களுக்கு அந்தக் கம்பி மாதிரி ஒரு பாட்டில் வரும். அதுல இருக்கிற தண்ணிக்கு ரெண்டுதான் ரீடிங்னு லேபிள்லயே போட்டிருக்கும். காலையில அதை ஓட்டிப் பார்த்து, ரெண்டு வந்தா அதுக்கப்புறம் மத்தவங்க ரத்தத்தை ஓட்டலாம். போன அஞ்சு மாசமா அந்தப் பாட்டில் வரலை. அனுப்பின சரக்கு எங்கயோ கிடங்குல வெயில்ல கெடந்து கெட்டுப்போய், அது திரும்பிப்போய், அடுத்தது வந்து சேர இவ்வளவு நாள்.

அதுக்காக டெஸ்ட்டை நிறுத்த முடியுமா? எங்க டாக்டர் விளையாட்டாச் சொன்னாரு, நீ இருக்கும்போது பாட்டில் எதுக்குன்னு.

அது விளையாட்டு இல்லண்ணே, உண்மையிலயே பழக்கம். பதினோரு வருஷமா திங்கக்கிழமை காலையில முதல்ல என் ரத்தத்தைத்தான் எடுப்பேன். நானே குத்திக்குவேன், கையில கட்டுற ரப்பரைப் பல்லுல கடிச்சு இழுத்துக்கிட்டு. என் ரீடிங் பாயிண்ட் ஏழு, ஒன்னுக்கும் கீழ. பாட்டில் இருக்கிற காலத்துலயும் கூடவே ஓட்டுவேன். எப்பவும் பாயிண்ட் ஏழு, மிஞ்சிப் போனா பாயிண்ட் எட்டு. லேப்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க, இவ பொறந்த தேதி கேட்டாக்கூட பாயிண்ட் ஏழுன்னு சொல்லுவான்னு. எனக்கும் உள்ளுக்குள்ள கர்வம்தான். நோய் நொடி இல்லாத ரத்தம், கடிகாரம் மாதிரி.

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க.

பாட்டில் தீர்ந்ததுக்கு அப்புறம் ஒரு திங்கக்கிழமை என் ரீடிங் பாயிண்ட் ஏழுக்குப் பதிலா ஒன்னுன்னு வந்துச்சு. அன்னைக்குத்தான் டெஸ்ட்டுக்கு ஊத்துற மருந்து புதுப் பெட்டி பிரிச்சிருந்தோம். சரி, புது மருந்து கொஞ்சம் கூடக் காட்டுதுன்னு நினைச்சேன். மெஷின்ல ஒரு எடம் இருக்கு, கூடக் காட்டினா இத்தனை மடங்கு கொறைச்சுக்கோன்னு ஒரு நம்பரைப் போட்டுக் குடுக்கலாம். போட்டேன். என் ரத்தத்தைத் திரும்ப ஓட்டினேன். பாயிண்ட் ஏழு வந்துருச்சு. அப்பாடான்னு மத்தவங்க டியூபை எல்லாம் ஓட்டினேன். அடுத்த மாசம் மறுபடி கூடக் காட்டுச்சு. மெஷினுக்கு வயசாயிருச்சு, லைட்டு மங்குதுன்னு நினைச்சேன். மறுபடி கொறைச்சேன். அதுக்கடுத்த மாசமும் கொறைச்சேன்.

என்னண்ணே, கத்தரியைக் கீழ வச்சுட்டீங்க.

புரிஞ்சுருச்சா? ஆமா. என் இடுப்பு முப்பதுன்னு அடிச்சுச் சொல்லிக்கிட்டு, டேப்பு முப்பத்திரெண்டு காட்டினா முப்பது வர்ற வரைக்கும் டேப்பை இழுத்து நீட்டினேன். முப்பத்தஞ்சு காட்டினா இன்னும் நீட்டினேன். அந்த டேப்பை வச்சுத்தான் உங்களை அளந்தேன். நாப்பத்தியொரு பேரையும் அதை வச்சுத்தான் அளந்தேன். இடுப்பு பெருத்திருக்கும்னு ஒரு தடவைகூடத் தோணலைண்ணே. சத்தியமாத் தோணலை.

போன வாரம் பாட்டில் வந்துச்சு. ஆசையா பிரிச்சு ஓட்டினேன். ரெண்டு வரவேண்டிய எடத்துல பாயிண்ட் நாலு. அப்பவும் என் புத்தி எங்க போச்சு தெரியுமா? இந்தப் பாட்டிலும் வெயில்ல கெட்டுப்போச்சுன்னு போச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணிச் சண்டை போடலாம்னு நம்பரைத் தேடினேன். எதுக்கும் இன்னொன்னு பிரிச்சுப் பார்ப்போம்னு ரெண்டாவதைப் பிரிச்சேன், பாயிண்ட் நாலு. மூணாவது, பாயிண்ட் நாலு. மூணு பாட்டில் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?  நான் போட்டு வச்சிருந்த நம்பரை எல்லாம் மெஷின்ல இருந்து எடுத்துட்டு ஓட்டினேன். ரெண்டு. அச்சு அசலா ரெண்டு வந்துச்சு.

எவ்வளவு நேரம் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்னு தெரியலை. கவுன்டர்ல யாரோ ரிப்போர்ட்டு வாங்க வந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க.

உங்களோடதா? நீங்க வந்த மாசம் மூணுல ஒரு பங்கா கொறைச்சு வச்சிருந்தேன். கணக்குப் பார்த்தா மூணுக்கு மேல வருது. ஆனா அது ரெண்டு மாசத்துக்கு முந்தி, அதுலயும் நான் கையால மாத்தி மாத்தி வச்ச கணக்கு. அதை வச்சு டாக்டர் மாத்திரை எழுத மாட்டாரு. புதுசா எடுக்கணும். அதாண்ணே இவ்வளவு கெஞ்சுறேன். போலீஸ்ல சொல்லணும்னா சொல்லுங்க, பேப்பர்ல போடணும்னா போடுங்க, அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சு என் மூஞ்சியில எறியணும்னா எறியுங்க. எல்லாம் அப்புறம். முதல்ல ரத்தம்.

குடுக்குறீங்களா? நல்லா இருப்பீங்க. முழங்கையை மெஷின் பலகை மேலயே வச்சுக்கங்க. கையை இறுக்கி மூடுங்க. உங்களுக்கு நரம்பு நல்லாத் தெரியுது.  பயப்படாதீங்க. இதோ. ஆச்சு. திறந்துக்கங்க கையை. பஞ்சை அழுத்திப் பிடிங்க, தேய்க்காதீங்க. பாருங்க, உங்க பேரை உங்க கண்ணு முன்னாடி எழுதி ஒட்டுறேன். சரியா இருக்கா? படிச்சுப் பாருங்க.

நாளைக்குப் பத்து மணிக்கு ரிப்போர்ட்டு தந்துருவேன். அதை எடுத்துக்கிட்டு நேரா உங்க டாக்டர்கிட்ட போங்க. என்ன நடந்துச்சுன்னு நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க. மத்த நாப்பது பேர் டாக்டருக்கும் நானே எழுதிட்டேன், லெட்டர் பையில இருக்கு. எங்க டாக்டருக்குத் தெரியாது. வேலை போகும். போகட்டும்.

என்னோடதா? என்னோடது என்ன?

அதை யாருமே கேக்கலைண்ணே. எங்க டாக்டர்கூட கேக்கலை. அவருக்குப் பேப்பர் எல்லாம் சரியாகணும், அவ்வளவுதான். நான் போட்ட நம்பரை எடுத்துட்டு என் ரத்தத்தை ஓட்டினேன், மூணு பாயிண்ட் ஆறு. சளியா இருக்கும்னு பார்த்தா சளி இல்ல. காய்ச்சல் இல்ல. புண்ணு இல்ல. இதெல்லாம் ஒரு நம்பர்தான், நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, கூட இருந்தும் நூறு வயசு வரைக்கும் இருக்கிறவங்க இருக்காங்கன்னு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்! எனக்கு நானே சொல்லிக்கிட்டா மட்டும் ஏற மாட்டேங்குது. அஞ்சு மாசமா என் உடம்பு திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை என்கிட்ட சொல்லியிருக்கு. நான் அதோட வாயை அடைச்சு அடைச்சு வச்சிருக்கேன்.

வீட்ல சொல்லலை. அவருக்கு ராத்திரி ஷிப்டு, பொண்ணுக்குப் பரீட்சை. எங்க அப்பா போனப்ப அவருக்கு நாப்பத்தொம்பது வயசு. வேலைக்குக் கெளம்பி, வாசல்ல உக்காந்து ஒரு ஷூவை மாட்டினாரு. இன்னொரு ஷூ கையிலயே இருந்துச்சு. எனக்கு இப்ப நாப்பத்தியேழு.

இல்லண்ணே, எந்த டாக்டரையும் பார்க்கலை. நாப்பத்தியொரு வீடு முடியட்டும்னு இருந்தேன். மத்தவங்க ரத்தத்தைக் குழப்பிட்டு நான் மட்டும் முதல் ஆளாப் போய் வரிசையில நிக்கிறதா? அதுவும் இல்லாம... பயம்தான். உள்ளதைச் சொன்னா பயம்தான். போனா என்னவோ சொல்லிருவாங்க. போகாத வரைக்கும் அது வெறும் நம்பர்.

ஒன்னு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு முதல் தடவை வந்துச்சே, அன்னைக்கு நெஞ்சுலயா ஆரம்பிச்சுச்சு? லேப்ல ஒரு தடவை சொன்னீங்க, நான்தான் டியூப்ல பேர் எழுதிக்கிட்டே சரியாக் காதுல வாங்கலை.

தாடையிலயா.

எந்தப் பக்கம்?

பல்லு வலின்னு நினைச்சு ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பேன்ட் தைச்சு முடிச்சீங்களா. ம்.

ஒன்னும் இல்லண்ணே. சும்மாதான் கேட்டேன். ரெண்டு நாளா எனக்கும் இங்க, இந்த எடத்துலதான். பல் டாக்டர்கிட்ட போனேன், படம் எடுத்துப் பார்த்துட்டு பல்லு எல்லாம் நல்லா இருக்கும்மான்னுட்டாரு. அவரு மெஷின் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். படி ஏறினா வருது, உக்காந்தா விட்டுருது. இன்னைக்குத்தான் உக்காந்தும் விடலை.

எனக்கு வேர்க்குதா? இந்த ரூம்ல காத்து இல்லையே, அதான்.

ஏண்ணே சட்டையை மாட்டுறீங்க? நாளைக்குப் பத்து மணிக்குத்தானே... இல்லண்ணே, ஆம்புலன்ஸ் எல்லாம் வேணாம், நான் மெதுவா நடந்தே... சரி. சரி, போன் பண்ணுங்க. விலாசத்தைத் தெளிவாச் சொல்லுங்க, மூணாவது மாடின்னு சொல்லுங்க, படியில தூக்கிட்டு எறங்க ரெண்டு ஆள் வேணும்னு சொல்லுங்க. கோட்டை ஏன் கழட்டச் சொல்றீங்க? என்னால கழட்ட முடியலை, நீங்களே கத்தரியால வெட்டுங்க. நீங்க தைச்சதுதானே.

பக்கத்துல உக்காருங்கண்ணே. எங்கேயும் போயிராதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

அந்தப் பெட்டியைக் கையிலயே வச்சுக்கங்க, வெயில்ல வைக்காதீங்க. எனக்கு என்ன ஆனாலும் நேரா லேபுக்குக் கொண்டுபோய், முதல்ல பாட்டிலை ஓட்டிப் பாருங்கன்னு சொல்லுங்க. ரெண்டு வந்தாத்தான் உங்களோடதை ஓட்டணும்.